பால் ஸ்டோர் தராசில் என்னை நிறுத்தார்கள்

காலில் இருந்த புண்ணைக் காட்டத்தான் கிளினிக்குக்குப் போனேன். எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். வயது முப்பத்து நான்கு. தோட்டத்தில் டாக்டர் கிடையாது. மருந்து கொடுக்க ஒரு டிரஸர் இருந்தார், அவ்வளவுதான்.

மனிதர் காலைப் பார்க்கவே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு புண்ணு எப்பிடிம்மா ஆறும்? மொதல்ல எடையக் கொற."

கிளினிக் தராசு கெட்டுப்போயிருந்தது. அதனால் வாராவாரம் ரப்பர் பால் சேர்க்கும் பால் ஸ்டோரில் எடை பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொன்னார்.

ஸ்டோர் தராசில், மரத்தில் உறைந்துபோன ஒட்டுப்பால் மூட்டைகளை நிறுப்பார்கள். ஒவ்வொரு மூட்டையின் எடையையும், எங்களை மேய்க்கிற மண்டோர் வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்துவார். நான் ஏறி நின்றபோதும் அதே பழக்கத்தில் கத்தினார்: "தொண்ணூத்தி ரெண்டு!"

வாளியோடு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். "மூட்டைய எறக்குங்கலா, நேரமாவுது" என்றான் ஒருவன். கையில் இருந்த வாளியை அவன் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்காமல் வந்தேனே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

டிரஸர் சொன்னதை நம்பினேன் பாருங்கள், அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது. ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். காலையில் வெறும் தேத்தண்ணீரோடு மரம் வெட்டப் போய், கண் இருட்டி இரண்டு முறை விழுந்தேன். மூன்று கிலோ குறைந்தது. "அப்பிடித்தான், இன்னும் கொற" என்றார் டிரஸர். புண் இருந்த காலின் சின்ன விரல் கறுத்துக்கொண்டு வந்தது. அப்போதும் அவர் குனிந்து பார்க்கவில்லை.

கடைசியில் நாற்றம் பொறுக்காமல் பக்கத்து வீட்டுக்காரிதான் என்னை பஸ் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே எடுத்த எடுப்பில் சிறுநீரைச் சோதித்தார்கள். இனிப்புநீர் வியாதி. விரலை எடுத்துவிட்டார்கள். முதலிலேயே வந்திருந்தால் மாத்திரையிலேயே ஆறியிருக்குமாம்.

அங்கிருந்த இளம் தாதி ஒருத்தி சொன்னாள்: "வயித்தக் காயப் போடாதீங்கக்கா. நேரத்துக்குச் சாப்பிடுங்க, தேத்தண்ணியில சீனி வேணாம். மாத்திரைய விட்டுடாதீங்க. தெனம் காலக் கழுவிப் பாருங்க."

"எடை?" என்று கேட்டேன்.

"அத நான் கேக்கலயே. சீனி எறங்குதா, புண்ணு ஆறுதா, அதப் பாப்போம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைச் சொல்ல ஒரு விரல் போக வேண்டியிருந்ததா?

ஆறு மாதத்தில் புண் ஆறியது, சீனி இறங்கியது, மயக்கம் நின்றது. சாப்பிட்டேன், மரம் வெட்டினேன், சாயங்காலம் நடந்தேன். உடம்பு மட்டும் அப்படியே இருந்தது.

ஒருநாள் டிரஸர் வழியில் நிறுத்தி, "என்னம்மா, ஒண்ணும் கொறையலையே?" என்றார்.

சப்பாத்தைக் கழற்றி அவர் முன்னால் காலை நீட்டினேன்.

"கொறஞ்சிருக்குங்கய்யா. இப்பவாச்சும் காலப் பாருங்க."