கேப்டன் கதையும் கைமாறிய வெற்றிலையும்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் மார்க்கையன்கோட்டையில் சொந்தமாகக் கொடிக்கால் போட்டு, மதுரைக்கு வெற்றிலை ஏற்றியவன். கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டியே வாசிக்கப் பழகினேன். தடித்த கதைப் புத்தகத்தைத் திக்காமல் படிக்கிறவன் எங்கள் தெருவில் நான் ஒருத்தன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமை இருந்தால்தான் என்ன?

எல்லையில் சண்டை நடந்த காலத்தில், தேனிச் சந்தையில் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். அட்டையில் தொப்பி வைத்த ஒரு பட்டாளத்துக் கேப்டன்; அவன் முதுகுக்குப் பின்னால் பயந்து நிற்கிற ஒரு பெண். தகப்பனில்லாத அவளைத் தீர்த்துவிட்டு மலைத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளச் சித்தப்பன் ஆள் வைக்கிறான். லீவில் வந்த கேப்டன் காவலுக்கு நிற்கிறான். எழுதியவர் மகா கெட்டிக்காரர். துப்பாக்கிச் சத்தம் காதில் விழும். அதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அவ்வளவு பிரியம் வைத்தும், கதவைத் தட்டி, அவள் வரச்சொன்ன பிறகுதான் கேப்டன் அறைக்குள் கால் வைப்பான். ஒரு பக்கத்தில்கூடத் தவறவில்லை. ஆம்பளை என்றால் அவன் ஆம்பளை.

இப்படிச் சிலாகித்த நான்தான், என் தங்கச்சியைப் பட்டாளத்துக்காரனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று நின்றேன். சுருளிப்பட்டி அத்தை மகன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தான். அவளுக்கும் அவன்மேல்தான் மனசு. எங்களுக்கு அப்பா இல்லை. என் சொல்தான் முடிவு. சண்டைக்குப் போகிறவன் திரும்பாவிட்டால் அவள் கதி என்ன? அவன் லீவோ முடியப் போகிறது.

கொட்டகையில் நான் வாசிக்க, ஆத்தாவும் தங்கச்சியும் வெற்றிலை அடுக்கிக்கொண்டே கதை கேட்பார்கள்.

"பொஸ்தகத்துப் பட்டாளத்தான்னா ஒனக்கு இனிக்குது. நம்ம வாசல்ல வந்து நிக்கிறவன்னா கசக்குது," என்பாள் ஆத்தா.

"பொஸ்தகத்துல இருக்கவன் சாக மாட்டான் ஆத்தா."

ஒரு மதியம் கதை உச்சத்தில் இருந்தது. விளக்கு அணைந்துவிட்டது. பரணில் காலடிச் சத்தம். கேப்டனிடம் ஒரே தோட்டா. அந்நேரம் பார்த்து அத்தையும் அவள் மகனும் வந்து எதிரே உட்கார்ந்தார்கள்.

"என்னய்யா சொல்ற? கடைசியா ஒரு வார்த்த கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்," என்றாள் அத்தை.

"இருங்கத்தே, பரண்ல ஆளு நிக்கிறான்," என்றேன். வந்தவர்களைச் சும்மா உட்கார வைக்கக்கூடாதே என்று, பக்கத்துத் தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினேன். கண் புத்தகத்தில் இருந்தது. அவன் இரண்டு கையாலும் வாங்கினான்.

அத்தை எழுந்துவிட்டாள். "குடுத்துட்டாகல்ல, பெறகென்ன."

எங்கள் பக்கம், பெண் கேட்டு வந்தவர் கையில் வீட்டுப் பெரியவன் வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுத்தால் சம்மதம் என்று அர்த்தம். மறுக்கிறவன் தட்டையே தொடமாட்டான். ஆத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தங்கச்சி கை நின்றுவிட்டது. நான் புத்தகத்தைக் கீழே வைத்தேன்.

அவன்தான் பேசினான். "மச்சான், நீங்க கதைக்குள்ள இருந்தீக. தெரியாம குடுத்தத வச்சுப் பொண்ணு கட்டுறது எனக்குச் சரியாப் படல. மனசு இல்லைன்னா திரும்ப வாங்கிக்கங்க." உள்ளங்கையில் வெற்றிலையோடு கையை நீட்டினான்.

"ஏலே, கூறுகெட்டவனே," என்று அத்தை அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

நீட்டிய கை அப்படியே இருந்தது. சண்டையில் இவனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் எப்படி இருப்பான் என்று அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. ஆளை எடை போடுவதில் என்னை மிஞ்ச இந்தப் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது.

தங்கச்சி பக்கம் திரும்பினேன். "என்னத்தா சொல்ற?"

"வெத்தல வாடுதுண்ணே," என்றாள் தலையைத் தூக்காமல்.

"வாயில போடுங்க மாப்பிள்ளே," என்றேன்.

அவர் மென்று முடிக்கிற வரைக்கும் நான் புத்தகத்தைத் தொடவில்லை.