கதவு பூட்டு, நாய் உண்டு

மின்சார அலுவலகத்தில் அவருக்கு ‘மூணுகடி’ என்று பெயர். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து யூனிட் குறித்து வருகிற வேலை. இருபத்தாறு வருட சர்வீஸில் மூன்று நாய்கள் அவரைப் பதம் பார்த்திருந்தன. ஒன்று கெண்டைக்காலில், ஒன்று முழங்கையில். மூன்றாவது எங்கே என்று அவரும் சொல்லமாட்டார், நாமும் கேட்க வேண்டாம். கையிலிருக்கும் கருவியில் ஒவ்வொரு வீட்டுக்கும் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் ‘நாய் உண்டு’ என்று எழுதும்போது மனுஷனுக்கு விரல் நடுங்கும் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். உண்மையைச் சொன்னால், நடுங்கத்தான் செய்யும்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் மத்தியானம் கையில் கயிறும் கயிற்றின் முனையில் ஒரு பழுப்பு நாயுமாக வீட்டு வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“என்னங்க இது? நாலாவது கடிய நீங்களே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?”

“கடிக்காதும்மா. இடிக்கப் போற கட்டடத்துல, மோட்டார் ரூம்ல கட்டிப் போட்டுட்டுப் போயிருக்கானுங்க. எலும்பு எண்ணலாம் போல இருக்கு பாரு. விட்டுட்டு வர மனசு வரல.”

விலங்குகள் காப்பகம் நடத்துகிற அம்மாவுக்குப் போன் போட்டார். ஓய்வுபெற்ற நர்ஸ் அவர். பேச்சில் இன்னும் ஊசி குத்துகிற வேகம் இருந்தது. “இங்க மூச்சு விடக்கூட இடமில்ல தம்பி. நல்ல வீடு கிடைக்கிற வரைக்கும் நீங்களே வெச்சுப் பாத்துக்குங்க. வீடு தேடறதும் உங்க பொறுப்பு” என்று சொல்லி வைத்துவிட்டார். நாய்க்கு ‘யூனிட்’ என்று பெயர் வைத்தாள் மனைவி. அவர் வாயில் நாளெல்லாம் வேறு எந்த வார்த்தை வருகிறது?

யூனிட் தங்கமான நாய். கடிக்காது, குரைக்காது, செருப்பைத் தொடாது. ஒரே ஒரு குறைதான் இருந்தது. எங்காவது ஒரு சத்தம் கேட்டால் போதும். காலிங்பெல், குக்கர் விசில், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், எதுவானாலும் சரி, எழுந்து ஓடி வந்து வீட்டில் இருப்பவர் முழங்காலில் தலையால் முட்டும். போ என்றால் போகாது. அதட்டினால் இன்னும் பலமாக முட்டும். மனைவியோ வீட்டில் மோட்டார் வைத்த தையல் மெஷினில் துணி தைக்கிறவள். அவள் பெடலை மிதித்தால் மெஷின் சத்தம் போடும், மெஷின் சத்தம் போட்டால் யூனிட் வந்து முழங்காலை முட்டும், முழங்கால் ஆடினால் தையல் கோணும். ஒரே வாரத்தில் மூன்று சட்டைகளுக்குக் கை கோணலாகப் போய்விட்டது.

“இது இருக்கணும், இல்ல என் மெஷின் இருக்கணும்” என்றாள். சொல்லிவிட்டு, தன் தட்டிலிருந்த முட்டையில் பாதியை அதற்குப் போட்டாள். அதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

வீடு தேடுவது அவருக்கு ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. ஊரில் எந்த வீட்டில் எத்தனை அறை, எந்த வீட்டுப் பின்கட்டில் நிழல் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருடைய கணக்கு சுலபமானது. மீட்டரில் யூனிட் அதிகம் ஓடுகிற வீடு வசதியான வீடு. ஏசி, பெரிய ஃப்ரிட்ஜ், வாஷிங்மெஷின். நாய் ராஜா மாதிரி இருக்கும். மீட்டர் நகராத வீடு வீடே இல்லை. அதன் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதிகம் ஓடுகிற வீடுகளில் முதல் வீட்டில் கொடுத்தார். ஒன்பதாவது நாள் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். “வீட்டுல பத்து மெஷின் ஓடுது சார். பத்துக்கும் வந்து முட்டுது. எங்க மாமியார் ரெண்டு தடவ காபியக் கொட்டிட்டாங்க.” இரண்டாவது வீட்டில் நாலே நாள். அங்கே அறைக் கதவைச் சாத்தி உள்ளே போட்டிருக்கிறார்கள். நாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திரும்பி வந்தபோது அவருடைய காலடியில் படுத்து, முகத்தைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டது. அவர் அன்றைக்கு அழுதார். நாயைக் கண்டு பயந்து அழுத மனுஷன் நாய்க்காக அழுதார் என்று மனைவி பின்னால் எல்லாரிடமும் சொன்னாள்.

காப்பகத்து அம்மா நேரில் வந்தார். “தம்பி, மூணாவது தடவையும் திரும்பி வந்தா அப்புறம் யாரும் எடுக்க மாட்டாங்க. இந்த மாசக் கடைசில வண்டி போகுது. ஊருக்கு வெளிய பெரிய கொட்டகை, நூறு நாய். அங்கதான் அனுப்பணும்.”

“அடைச்சு வெச்சா இது சாப்பிடாதும்மா. செத்துரும்.”

“தெரியும். அதனாலதான் முன்னாடியே சொல்றேன்.”

மாதக் கடைசிக்குப் பதினாறு நாள் இருந்தது.

மறுநாள் காலை அலுவலகத்தில் இன்னொரு இடி காத்திருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தன் வீட்டு வாசலில் செருகிவிட்டுப் போன ஐந்து சீட்டுகளை மேலாளர் மேஜையில் வரிசையாகப் பரப்பிவிட்டு நின்றாள். ஐந்திலும் மூணுகடியின் கையெழுத்து. ஐந்திலும் ‘கதவு பூட்டு’.

“அஞ்சு தடவயும் நான் வீட்டுக்குள்ளதான் இருந்தேன்.” ஏற்ற இறக்கம் இல்லாத உரத்த குரலில் சொன்னாள். “பெல் அடிச்சா எனக்குக் கேக்காது. பன்னெண்டு வயசுல காய்ச்சல் வந்து காது போச்சு. பெல்லோட சேத்து ஒரு விளக்கும் வெச்சிருக்கேன். குனிஞ்சு வேலை செய்யறப்ப அதுவும் தெரியாது. ஜன்னல்ல வந்து கையாட்டக் கூடாதா? ஆள் இருக்கற வீட்டப் பூட்டின வீடுன்னு எழுத உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. தப்பு அவருடையதுதான். மூன்று முறை பெல் அடிப்பார், யாரும் வராவிட்டால் பூட்டு என்று எழுதுவார், அடுத்த வீட்டுக்குப் போவார். அந்த வீட்டு மீட்டர்தான் முன்பும் அதிகம் நகர்ந்ததில்லையே என்று மனதுக்குள் ஒரு சமாதானம் வேறு. மேலாளர் பார்த்த பார்வையில் அவர் அப்போதே அவள் பின்னாலேயே அவள் வீட்டுக்குப் பைக்கை எடுத்தார்.

அவள் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் வடித்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, அரம் போட்டுத் திருப்பி அனுப்புவாள். ஜன்னலோரம் நீள மேஜை, அதன்மேல் யார் யாருடைய சிரிப்போ வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. மூணுகடிக்குப் பற்களைக் கண்டதும் கெண்டைக்கால் கூசியது. சமையலறை மூலையிலிருந்த மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஒரு விளக்கு, ஒரு விசிறி, பல்லைப் பளபளப்பாக்க ஒரு குட்டி மோட்டார். அவ்வளவுதான் வீடு.

அப்போது பெல் அடித்தது. விளக்கும் மின்னியது. அவள் குனிந்து ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெல் மறுபடியும் அடித்தது. அவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது டாக்டர் அனுப்பிய ஆள் பாதிப் படி இறங்கியிருந்தான். “இப்படித்தாங்க, வாரத்துல ரெண்டு தடவ சும்மா திரும்பிப் போறேன்” என்றான் அவன். அப்படித் திரும்பிப் போனதில் இரண்டு டாக்டர்கள் இவளுக்கு வேலை அனுப்புவதையே நிறுத்திவிட்டார்களாம்.

மூணுகடி நின்ற இடத்திலேயே நின்றார். பெல் அடித்தால் ஓடி வந்து முட்டும். விசில் அடித்தால் ஓடி வந்து முட்டும். அட, கடவுளே!

அவள் முன்னால் போய் நின்று, வாய் நன்றாகத் தெரியும்படி எல்லாவற்றையும் சொன்னார். அவள் அவருடைய உதட்டையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: “எனக்குப் பாவம் பாத்து நாய் குடுக்கறீங்களா?”

“ஐயோ இல்லம்மா. நாய்க்குப் பாவம் பாத்து உங்களக் கேக்கறேன்.”

அவள் சிரித்துவிட்டாள். அவள் செய்த எந்த செட்டும் அவ்வளவு அழகாக இருந்திருக்காது.

மறுநாள் யூனிட்டோடு மனைவியும் காப்பகத்து அம்மாவும் வந்தார்கள். மூணுகடி வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெல்லை அழுத்தினார். உள்ளே நடந்ததை மனைவிதான் பின்னால் சொன்னாள். யூனிட் சடாரென்று எழுந்து மேஜைக்கு ஓடி பல் செட்காரம்மாவின் முழங்காலில் முட்டியது. அவள் அதட்டவில்லை, தள்ளவில்லை. அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள், சரி, தெரிஞ்சுக்கிட்டேன் என்பதுபோல. எழுந்து கதவைத் திறக்கப் போனாள். யூனிட் அப்படியே காலை நீட்டிப் படுத்துவிட்டது. அதுவரை அந்த நாய்க்குப் பதில் சொன்னவர்கள் யாருமே இல்லை. அது சத்தம் என்றது, எல்லாரும் போ என்றார்கள்.

“அட லூசு, இதுக்குத்தானா என் சட்டைக் கையெல்லாம் கோணல் பண்ணுன?” என்று மனைவி தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் பல் செட்காரம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. “பத்து நாள் பாக்கறேன். என் மோட்டார் ஓடறப்ப வந்து முட்டினா பல்லு கோணிப் போகும். அப்படின்னா வேணாம்.” நியாயமான பேச்சு. அந்தப் பத்து நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பதாவது நாள் வீட்டு வாசலில் ஏதோ கார் நின்ற சத்தம் கேட்டு எழுந்து ஓடினார். யாரோ முகவரி கேட்க வந்தவர்கள். பத்தாவது நாள் காலையில் போனில் செய்தி வந்தது: ‘உடனே வாங்க. பேசணும்.’

“போச்சு” என்றார் மனைவியிடம். பழைய கயிற்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பெல்லை ஒரே ஒரு முறை அழுத்தினார். ஐந்து எண்ணுவதற்குள் கதவு திறந்தது. ஐந்து முறை பூட்டு என்று எழுதிய கதவு!

உள்ளே குட்டி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யூனிட் மேஜைக்கு அடியில் படுத்தபடி ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்து வாலை இரண்டு முறை தரையில் அடித்தது. “முதல் ரெண்டு நாள் மோட்டாருக்கும் முட்டுச்சு,” என்றாள் அவள். “ரெண்டு தட்டுத் தட்டுவேன், போய்ப் படுத்துக்கும். மூணாவது நாள்லேர்ந்து அது என் சத்தம்னு அதுக்கே தெரிஞ்சுபோச்சு. டாக்டர் ஆளு ஒரு தடவகூடத் திரும்பிப் போகல. நின்னுபோன ரெண்டு பேரும் நேத்து அச்சு அனுப்பிட்டாங்க. முந்தாநாள் விசிலடிக்கிற கெட்டில்ல தண்ணி வெச்சு மறந்துட்டேன், முட்டி முட்டி என்னை அடுப்படிக்கே இழுத்துட்டுப் போச்சு.”

“அப்ப, பேசணும்னது?”

“காப்பகத்துப் பேப்பர்ல கொண்டுவந்து விட்டவர் கையெழுத்து வேணுமாம். போடுங்க. உங்க கையெழுத்து எனக்கு நல்லாப் பழக்கம்.”

போட்டார். எழுத்து கலங்கித் தெரிந்தது. பையிலிருந்த கயிற்றை வெளியே எடுக்கவே இல்லை.

அலுவலகத்துக்கு வந்ததும் கருவியைத் திறந்து அந்த வீட்டின் பக்கத்தை எடுத்தார். ஐந்து ‘கதவு பூட்டு’ ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது. அதற்குக் கீழே, விரல் கொஞ்சமும் நடுங்காமல், ‘நாய் உண்டு’ என்று அடித்தார். அடித்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தும் காட்டினார்.

“யோவ் மூணுகடி, அது கடிக்குமா?” என்று மேலாளர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

“கடிக்காது சார்,” என்றார் அவர். “நீங்க பெல் அடிச்சாப் போதும். அவங்களப் போய்க் கூப்பிட்டுட்டு வரும்.”