ஓசூர் பூப்பந்துப் போட்டியில் நான்காவது ஆள்

ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் ஏறினேன். முப்பத்திரண்டு மைல், கட்டணம் ஒரு ரூபாய். மடியில் துணிப்பை, அதற்குள் எங்கள் ஸ்டூடியோவின் பெட்டிக் காமிரா. பதினேழு வருஷமாக அந்த ஸ்டூடியோவின் இருட்டறையில் படம் கழுவுகிறவன் நான். மற்றவர்கள் எடுத்த முகங்களைத் தண்ணீரில் அலசியிருக்கிறேனே தவிர, ஒருவரை நிற்கச் சொல்லிப் படம் எடுத்ததில்லை. புது ஆட்களைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஓசூரில் சேலம் அணிக்கும் மைசூர் ராஜ்யத்து அணிக்கும் பூப்பந்துப் போட்டி. போக வேண்டிய முதலாளிக்குக் காய்ச்சல். ஒரு சுருளில் எட்டுப் படம். கோப்பை கொடுக்கிற படம் கட்டாயம், மற்ற ஏழும் உன் இஷ்டம் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒன்று நன்றாக வந்தால் இனி வெளிவேலை எனக்கு. வராவிட்டால் இருட்டறைதான் எனக்கு லாயக்கு. காமிரா கையில் கிடைத்தால் என்ன எடுப்பது என்று பல நாளாகவே என் மனதில் இருந்தது. தெருவில் சனங்கள் வேலை செய்வதை, செய்கிறபடியே எடுக்க வேண்டும்.

குருபரப்பள்ளியில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. பனி விலகவில்லை. பக்கத்தில் இருந்த விவசாயி நான் பையை அணைத்துப் பிடித்திருப்பதைப் பார்த்து, "உள்ள கோழியாங்க?" என்றார். காமிரா என்றேன். "பரவால்ல, கத்தாது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு ஓசூர். போட்டிக்கு வந்த கூட்டத்தால் கடைத்தெரு நிரம்பியிருந்தது. கன்னடத்தில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, தமிழில் திட்டிக்கொண்டார்கள். எனக்கு எல்லாமே படமாகத் தெரிந்தது. புளியமரத்தடியில் ஒரு நாவிதர் சவரம் செய்துகொண்டிருந்தார். காமிராவை வயிற்றருகே வைத்து, அதன் மேல் கண்ணாடியில் பார்க்கக் குனிந்தேன். அவ்வளவுதான், நாற்காலியில் இருந்தவர் பாதி முகத்துச் சோப்பைத் துடைத்துவிட்டு, துண்டை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். நாவிதரும் கத்தியை மறைத்துவிட்டு அவர் பக்கத்தில் நின்றார். வேண்டாம், உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுத்தேன். வெற்றிலைக்காரம்மாவும் வளையல்காரரும் அப்படியேதான் செய்தார்கள்.

மைதானத்து வாசலில் கரீம் பாய் என்பவர் சோடா வண்டி வைத்திருந்தார். கட்டைவிரலால் கோலியை அழுத்தி அவர் சோடா உடைக்கிற வேகத்தை வெகுநேரம் பார்த்தபடி நின்றேன். குனிந்தபோது அவர் கேட்டார்:

"என்னாண்ணே, கீழ ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

படம் எடுக்க என்றேன். உடனே பாட்டில்களை வண்டிக்குப் பின்னால் ஒதுக்கினார், குல்லாவைச் சரிசெய்தார், கழுத்துவரை பொத்தான் போட்டார், போலீஸ்காரர் எதிரில் நிற்பதுபோல நின்றார். அதுவும் போயிற்று. ஒரு சோடா வாங்கிக் குடித்தேன், ஒரு அணா. மீதி நான்கு.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மஞ்சள் கம்பளிப் பந்து வலைக்கு மேல் போய்வந்துகொண்டே இருந்தது. மரியாதைக்கு ஆட்டத்தில் மூன்று எடுத்தேன். ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்ததால் மூன்றாவது ஆட்டம் நடந்தது. மைசூர் ஜெயித்து முடிக்கையில் மணி ஐந்தரை. வெயில் மரத்து உச்சிக்கு ஏறிவிட்டது. எங்கள் காமிராவில் விளக்கு கிடையாது. கால்மணி நேரம் போனால் படம் விழாது.

கோப்பை கொடுக்க வந்த பண்ணைக்காரர் நடுவில் நின்றார். இருபுறமும் இரு அணித் தலைவர்கள். நான் குனியும்போது அவர் கையை உயர்த்தினார்.

"மூணு பேரா? மூணு பேரு படம் பிடிச்சா ஆகாதுப்பா. இன்னொரு ஆளு வரட்டும்."

இந்தப் பயம் எங்கள் ஸ்டூடியோவுக்குப் பழசு. மூவராக வந்த குடும்பத்துக்காக முதலாளியே ஓரமாக நின்றதுண்டு. இங்கே நான் நின்றால் எடுப்பது யார்? கூட்டத்திலிருந்து பத்துப் பேர் முன்னால் வந்து, யார் நிற்பது என்று மூன்று பாஷையிலும் தள்ளிக்கொண்டார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பதினேழு வருஷ இருட்டறை கண்முன் தெரிந்தது.

அப்போது ஆட்டக்காரர்களுக்கு சோடா எடுத்துக்கொண்டு கரீம் பாய் வந்தார்.

"கரீம் பாய், இங்க வாங்க. நீங்கதான் நாலாவது ஆளு" என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். முன்னால் வந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். பண்ணைக்காரர் பாயின் நனைந்த சட்டையை மேலும் கீழும் பார்த்தார். தோற்ற சேலம் தலைவர்தான் சிரித்தபடி சொன்னார்:

"இவரு சோடாவுலதாங்க மூணாவது ஆட்டமே ஆடுனோம்."

பண்ணைக்காரரும் சிரித்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். பாயின் கை பொத்தானுக்குப் போயிற்று.

"பொத்தான் வேணாம் பாய். சேலம் தலைவருக்குத் தாகமா இருக்கு, உடைங்க."

அவர் அழுத்தினார். கோலி இறங்கி நுரை சீறியது. மூவரும் அதைக் குனிந்து பார்த்தார்கள். நான் விசையைத் தட்டினேன்.

ஆறரை மணி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. படம் விழுந்ததா இல்லையா என்று தெரியாத அந்த முப்பத்திரண்டு மைலும் காலையைவிட நீளமாக இருந்தது.

திங்கட்கிழமை கழுவினேன். முதல் நான்கிலும் சனங்கள் கம்பம்போல் நின்றார்கள். எட்டாவதில் கோப்பை தெளிவாக இருந்தது. நால்வரில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. முதலாளி கம்பளியைப் போர்த்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"கட்டைவிரல் ஆடியிருக்கே" என்றார். படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆடாம எப்படி சோடா உடைப்பான்?" என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு அலமாரியைத் திறந்து புதுச் சுருள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

பாய்க்கு ஒரு பிரதியை ஓசூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். பிறகு எங்கள் கடைத்தெருவுக்குள் காமிராவோடு நடந்தேன். ஓசூர்போல மூன்று பாஷையின் சத்தம் இங்கே இல்லை. வேலையும் வியர்வையும் அதேதான். ஸ்டூடியோவுக்கு எதிரில் பூக்கட்டும் அம்மாள் என்னைக் கண்டதும் கூடையைத் தள்ளிவிட்டு, புடவை மாற்றி வருவதாக எழுந்தாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

"மாத்தாதீங்கம்மா, கட்டுங்க. நான் காத்திருக்கேன்" என்றேன்.