கண்ணாடி இல்லாத வளையம்

ஏற்காட்டில் கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் என்று படம் எடுப்பது என் தொழில். என் கேமராவில் படம் பதிகிற சென்சார் சிறியது. என்னிடமுள்ள பழைய பெரிய லென்ஸ்களை அதில் மாட்டினால் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடும். நாகலூரில் ஒரு எஸ்டேட் வீட்டில் சுவரோடு ஒட்டி நின்று எடுத்தும் மாப்பிள்ளையின் அம்மா படத்தில் பாதிதான் விழுந்தார். ஃபோக்கல் ரெட்யூசர் வாங்கியே ஆகவேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டுகிற வளையம் அது. உள்ளே இருக்கும் கண்ணாடி முழுக் காட்சியையும் சுருக்கிச் சென்சாருக்குள் அடக்கிவிடும்.

சேலத்துக் கடைக்குக் கணவரும் வந்தார். ஜீப் ஓட்டுகிறவர். கேமராவைத் தொட்டதுகூடக் கிடையாது. கேள்வி கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னதெல்லாம் அவரிடம்.

"அண்ணா, அக்காவுக்குச் சாதா வளையமே போதுங்க. கண்ணாடி வெச்சது நொம்ப கனம். ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"ஒண்ணு இல்லீங்க. எனக்குக் கண்ணாடி வெச்சதுதான் வேணும்" என்றேன்.

"சரிங்கக்கா" என்று உள்ளே போனவர், நான் கேமராப் பையைக் கட்டி நிமிர்வதற்குள் ஒட்டி மூடிய பெட்டியைக் கணவர் கையில் கொடுத்தார்.

வீட்டில் பிரித்தால் வெறும் வளையம். விரல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது.

"நீ பையைக் கட்டறப்ப அவரு கேட்டாரு. நாந்தான் சாதாவே குடுங்கன்னேன்" என்றார் கணவர். "ரெண்டும் ஒண்ணுன்னாரே புள்ள."

"உங்க ஜீப்புக்கு டயர் வாங்கறப்ப நான் குறுக்க பேசினா உடுவீங்களா?" என்று கத்தினேன்.

மறுநாள் அந்த வளையத்தோடு தனியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

"அண்ணன் வரலீங்களா?" என்றார் கடைக்காரர்.

"படம் எடுக்கறது நானுங்க. எங்கிட்டப் பேசுங்க." என் குரலுக்குக் கடையே திரும்பிப் பார்த்தது.

மூன்று ரெட்யூசர்களை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வாசலில் நின்று தூரத்து மலையைப் பார்த்தேன். முதலாவதில் லென்ஸை எவ்வளவு திருகியும் மலை தெளியவில்லை. இரண்டாவதில் மூலைகள் குழம்பின.

"இத்தனை யாருங்கக்கா பாக்கப்போறாங்க?"

"நான் பாப்பேனுங்க."

மூன்றாவதில் மலை ஓரம்வரை கூர்மையாக நின்றது. அதை வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு மஞ்சக்குட்டையில் ஒரு ஞானஸ்நான விருந்து. சின்ன அறை. சுவரோரம் நின்றே குடும்பம் மொத்தத்தையும் எடுத்துவிட்டேன். படத்தைக் கணவரிடம் காட்டினேன்.

"நல்லா வந்திருக்குது" என்றார்.

நான் எதிர்பார்த்தது அதையல்ல. எனக்குத் தெரியாமல் என் கேமராச் சாமானுக்குச் சரி சொன்னதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. என் கோபமும் ஆறவில்லை.