வெள்ளிக்கிழமைக் கட்டங்கள்

“…அப்போ அதுக்குள்ள இனிமே ஒண்ணும் கெடையாது, அப்படித்தான தம்பி?” என்று அண்ணி கேட்டபோது, கரண்ட் திரும்பி வந்து ஸ்டுடியோவின் மின்விசிறி முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்திருந்தது. மேசைக்கு அடியில் நின்ற கறுப்புக் கம்ப்யூட்டர் கேபினெட்டின் நெற்றியில், காலையில் அவர் வைத்த குங்குமப் பொட்டு காய்ந்து விளிம்பில் உதிர்ந்துகொண்டிருந்தது. நான் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அந்தக் கேள்விக்கு நான் வாய் திறப்பதற்குள் அண்ணி செய்த ஒரு காரியத்தைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. கள்ளக்குறிச்சியில் இருவருமாக ஒரு வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு களமருதூர் பக்கம் ஒரு கல்யாணம், கரியாலூர் மலைமேல் ஒரு கல்யாணம் என்று அலைவது அண்ணன். அவர் கொண்டுவந்து கொட்டுவதை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு முடிப்பது அண்ணி. “கட்டிக்கறவங்க ஒரு நாள்ல கட்டிக்கினு போயிடறாங்க. நான்தான் ஒரு மாசம் அவங்ககூடக் குடும்பம் நடத்தறேன்” என்பார். சிரிக்காத மாப்பிள்ளை மாட்டிவிட்டால், “இவருக்குச் சிரிப்பு கம்மி, பாட்டை ஜாஸ்தி பண்ணிடலாம்” என்று அவராகவே பேசிக்கொண்டு வேலை செய்வார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். இதைப் படித்தவன் இல்லை, கழற்றிக் கழற்றிக் கற்றுக்கொண்டவன். அதனால் ஸ்டுடியோ மெஷினுக்குத் தலைவலி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அந்த ஸ்டுடியோவில் ஒரு முறை உண்டு. கேமரா, விளக்கு, கேபினெட் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டி, அதன் பிறகு அண்ணி கம்ப்யூட்டரில் டிஃப்ராக் ஓட்டுவார். பழைய ஹார்டு டிஸ்கில் ஒரு ஃபைலின் துண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும், அவற்றைப் பொறுக்கி வரிசையாக அடுக்குகிற வேலை அது. திரையில் சிவப்பும் நீலமுமாகக் கட்டங்கள் ஓடும், கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு குறைந்து நீலம் சேரும். மற்றவர்கள் சீரியல் பார்க்கிற மாதிரி அண்ணி காபி டம்ளரோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பார். “வாரம் பூரா வூடு அலங்கோலமா கெடந்தாலும், இதுவாவது ஒழுங்காவுதே” என்பார். அதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். பழைய டிஸ்குக்கு அது நல்ல பழக்கம். உள்ளே தட்டு சுற்றுகிறது, ஒரு முள் ஓடி ஓடிப் படிக்கிறது. துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முள்ளுக்கு ஓட்டம் குறைவு.

பிறகு எஸ்.எஸ்.டி. என்கிற புது வகை டிஸ்க் வந்தது. ஒரு முகூர்த்த சீசனுக்கு முன்னால் மெஷின் மிகவும் மந்தமாகிவிட, விலை குறைந்ததாக ஒன்றை வாங்கி நானே மாட்டினேன். மாட்டினால் மட்டும் போதாது. விண்டோஸ் பல ஆண்டுகளாகத் தட்டும் முள்ளுமாக இருந்த டிஸ்குக்குப் பழகியது, புது டிஸ்குக்கு ஏற்ற மாதிரி அதன் பழக்கங்களையும் மாற்ற வேண்டும். அழித்த இடம் எது என்று டிஸ்குக்கு விண்டோஸ் உடனுக்குடன் சொல்கிற வசதி விழித்திருக்கிறதா என்று பார்த்தேன். எடிட்டிங்கின்போது குப்பையாகக் குவிகிற தற்காலிக ஃபைல்களைப் பழைய டிஸ்குக்குத் திருப்பிவிட்டேன். மெஷின் தூங்கப் போகும்போது நினைவில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதி வைக்கிற வழக்கத்தை நிறுத்தினேன். கடைசியாக அந்த டிஃப்ராக் மென்பொருளை எடுத்துவிட்டேன். எஸ்.எஸ்.டி.யில் முள் கிடையாது, எல்லா இடமும் ஒரே தூரம்தான். அடுக்கி வைப்பதால் ஒரு லாபமும் இல்லை. நட்டம் உண்டு. இதன் ஒவ்வொரு அறையிலும் இத்தனை தடவைதான் எழுதலாம், அதற்கு மேல் தேய்ந்துபோகும். கால்பங்கு இடம் காலியாக இருக்கட்டும், டிஃப்ராக் வேண்டவே வேண்டாம் என்று அண்ணியிடம் சொன்னேன். “சரிங்க கொழுந்தனாரே, புது மருமவளுக்கு வேலை வெக்கல” என்று சிரித்தார். தலையாட்டினார்தான். ஆனால் எனக்கு ஏனோ அன்றிலிருந்தே உள்ளுக்குள் ஒரு உறுத்தல். அவ்வப்போது போய்ப் பார்க்கும்போதெல்லாம் டிஸ்க் நிரம்பி வழிந்தது. “சீசன் முடியட்டும் தம்பி, காலி பண்றேன்” என்பார். எந்த சீசன் முடிந்தது, அடுத்தது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது.

அந்த டிஸ்கில் ஊரார் கல்யாணங்களோடு இன்னொன்றும் இருந்தது. அண்ணன் மகள் பிறவியிலேயே காது கேளாதவள். அறுவை சிகிச்சை செய்து, காதுக்குப் பின்னால் கருவி வைத்து, அதை முதன்முதலாக இயக்கிய நாளில் அண்ணன் ஸ்டுடியோ கேமராவைக் கொண்டுபோயிருந்தார். எந்த நொடியில் அவளுக்குக் கேட்கும் என்று தெரியாதே. அதனால் கேமராவை நிறுத்தவே இல்லை, அறைக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை ஒரே ஓட்டம், ஒரே பெரிய ஃபைல். நானும் பார்த்திருக்கிறேன். பெரும்பகுதி சுவரும் நாற்காலியும்தான். நடுவில் ஓரிடத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்து பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கிறவளை அண்ணி பின்னாலிருந்து “பாப்பா” என்கிறார். அவள் கை நிற்கிறது. திரும்புகிறாள். அந்த இடத்தில் கேமரா ஆடிப்போகும், அண்ணன் அழுதிருப்பார். ஊருக்கெல்லாம் இரண்டிரண்டு காப்பி போட்டுக் கொடுத்த அண்ணி, அதற்கு ஒரு காப்பி எடுத்து வைக்கவில்லை. ஒரு நாள் நிதானமாக உட்கார்ந்து அழகாக வெட்டி, அதன் பிறகு எடுத்து வைக்கலாம் என்று இருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. “தம்பி, சேவ் ஆவ மாட்டேங்குது. கொஞ்சம் வந்துட்டுப் போங்க.” போய்ப் பார்த்தேன். இருக்கிற ஃபைல் எல்லாம் திறக்கிறது. புதிதாக ஒரு எழுத்து எழுத விடவில்லை. ஆயுளைக் காட்டுகிற மென்பொருளில் கோடு சிவப்பின் அடியைத் தொட்டிருந்தது. இந்த வகை டிஸ்க் சாகும்போது சிலது இப்படித்தான் கதவைப் பாதி சாத்தும், படிக்க விடும், எழுத விடாது. அதோடு, அப்படி நிற்கிற டிஸ்கை ஒரு தடவை அணைத்துவிட்டால் மறுபடி எழாமலே போகலாம் என்று நான் படித்திருந்தேன். 

“காலையில இன்னா பண்ணீங்க அண்ணி?”

“ஒண்ணும் பண்ணல. வெள்ளிக்கெழமை ஆச்சேன்னு ஓட்டினேன்.”

“எதை?”

“அதான், கட்டம் கட்டமா வருமே.”

“அதை எடுத்துட்டேனே.”

“நீங்க எடுத்தா இன்னா, சிடி இருக்குதுல்ல, மறுபடி போட்டுக்கினேன். வாரா வாரம் ஓட்டிக்கினுதான் இருக்கறேன். சாமி ரூமைப் பெருக்காம வெளக்கு ஏத்துவாங்களா?”

டிஃப்ராக் மட்டுமே அதைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். மலிவான டிஸ்க், அதுவும் எப்போதும் தொண்டைவரை நிரம்பியது. இருந்தாலும் வாரா வாரம் அத்தனையையும் தூக்கித் தூக்கி எழுதியிருக்கிறது.  அணைத்தால் எழாமல் போகலாம் என்று மட்டும் சொன்னேன். அண்ணி புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் மலை கறுத்தால் கரண்ட் போகும்.

என்னிடமிருந்த வெளி டிஸ்கை மாட்டினேன். எதை முதலில் எடுப்பது என்பதுதான் கேள்வி. முந்தின நாள்தான் கரியாலூர்க் கல்யாணத்தை இதில் இறக்கிவிட்டு, கேமரா கார்டுகளை அழித்து எடுத்துக்கொண்டு அண்ணன் மறுபடி மலைக்குப் போயிருந்தார். அந்தக் கல்யாணம் இந்தப் பெட்டியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. அண்ணி அண்ணனுக்குப் போன் போட்டுப் பார்த்தார். மேலே சிக்னல் ஏது. இரண்டு தடவை முயன்றுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். “அந்தப் பொண்ணோட அப்பா ஞாயித்துக்கெழமை பஸ் புடிச்சி வருவாரு. அவர்கிட்ட நான் எந்த மூஞ்சை வெச்சிக்கினு பேசுவேன்” என்றார்.

“பாப்பாவோடத மொதல்ல போட்டுடலாமா அண்ணி?” என்று கேட்டேன்.

அது பெரிய ஃபைல், பாதியில் நின்றால் ஒன்றுக்கும் ஆகாது. கல்யாணங்கள் துண்டு துண்டானவை, வெளி டிஸ்குக்குப் போய்ச் சேர்ந்த துண்டு பத்திரம். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அண்ணி அந்தக் கணக்கைச் சொல்லவில்லை. “அவங்க நம்மள நம்பிக் குடுத்தது தம்பி. நம்ம வூட்டுது கடைசியில போவட்டும்” என்றார்.

முதலில் கரியாலூர்க் கல்யாணம் வெளி டிஸ்குக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பின்னால் மற்றவை. மீதி நேரம் என்று திரையில் வருகிற எண் ஏறுவதும் இறங்குவதுமாக எங்களை ஆட்டிப் படைத்தது. கடைசிக் கல்யாணம் முடிகிறபோது முதல் இடி. பாப்பாவின் ஃபைலைப் போட்டுவிட்டுக் கையை எடுக்கிறேன், கரண்ட் போனது. யு.பி.எஸ். கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. அது பழைய பேட்டரி. கொஞ்சமாவது நீடிக்கட்டும் என்று மானிட்டரை அணைத்தேன். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மழைக்கால இருட்டில் வெளி டிஸ்கின் சின்ன நீல விளக்கு மட்டும் துடித்தது. அது துடிக்கிற வரைக்கும் ஃபைல் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அண்ணி தரையில் உட்கார்ந்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு அதையே பார்த்தார்.  மழை தகரத்தில் இறங்கியது. யு.பி.எஸ். சத்தம் நெருங்கி நெருங்கி வந்து, ஒரே இழுப்பாக நீண்டு, நின்றது. விளக்கும் நின்றது.

இப்போது ஸ்டுடியோவில் எல்லாவற்றுக்கும் மூன்று காப்பி. புது டிஸ்கில் நிறைய இடம் காலி. வெள்ளிக்கிழமை துடைப்பதும் பொட்டு வைப்பதும் நடக்கிறது. கட்டங்கள் ஓடுவதில்லை, அந்த நேரத்துக்கு அண்ணி பத்திரிகை படிக்கிறார். கரியாலூர்க்காரர் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்து, தன் பெண்ணின் கல்யாணத்தைத் திரையில் கொஞ்சம் பார்த்துவிட்டு, மலையில் பொறுக்கிய கடுக்காய் ஒரு பை வைத்துவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பாதி வந்த அந்த ஃபைல் என்னிடம்தான் இருக்கிறது. பழுது பார்க்கிற மென்பொருள் புதிதாக எது வந்தாலும் அதில் போட்டுப் பார்க்கிறேன். இதுவரை திறக்கவில்லை. அண்ணி கேட்பதும் இல்லை. பாப்பா பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். ஆத்தாளைப் போலவே வாய்.

அன்றைக்கு ஒரு வழியாகக் கரண்ட் வந்ததும் பொத்தானை அழுத்தினேன். டிஸ்கே இல்லை என்றது திரை. ஒயரை மாற்றிப் பார்த்தேன், அதையேதான் சொன்னது. வெளி டிஸ்கை என் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன், அந்த ஃபைல் இருந்தது, திறக்கவில்லை. அப்போதுதான் அண்ணி அப்படிக் கேட்டார், அதுக்குள்ள இனிமே ஒண்ணும் கெடையாது, அப்படித்தான தம்பி என்று. நான் குங்குமப் பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணி எழுந்தார். கால் மரத்துப்போயிருக்க வேண்டும், மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசலைத் தாண்டிப் பக்கத்துத் தையல் கடை வரைக்கும் போனார். நானும் வாசலுக்கு வந்தேன். அங்கே, பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த பாப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெட்டிப்போட்ட ஜாக்கெட் துணிகளை நிறம் பிரித்துக் குவித்துக்கொண்டிருந்தாள். மழை இன்னும் தகரத்தில் பெய்துகொண்டிருந்தது. அண்ணி அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல் “பாப்பா” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, அவள் திரும்புகிறவரை அப்படியே நின்றார்.