பிலாத்து உள்ளே போன நேரம்

சேரப்பணஞ்சேரிப் பக்கம் எங்கள் தெருவில் பெரிய வெள்ளியன்று மாதா கோயில் வாசலில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். விளக்குச் செலவுக்குப் பயந்து மத்தியானமே தொடங்கிவிடும். சித்தப்பா இயேசு. பெரியப்பா, அவருக்குத் தீர்ப்புச் சொல்லும் ஆளுநர் பிலாத்து. அந்த வேஷத்துக்கு அவரை விட்டால் ஆளில்லை என்பது ஊர் அபிப்பிராயம். அவருடைய அபிப்பிராயமும் அதுதான்.

நான் நாலாவது படித்த வருஷம் அந்த வேஷத்துக்கே ஆபத்து வந்தது. பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. சிறுநீர்ப்பை நிறைந்தாலும் அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. முந்தைய வருஷம் தீர்ப்புச் சொல்ல எழுந்தபோது பட்டு அங்கி நனைந்திருந்தது. அவமானத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்தார். நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்து படுத்ததுதான் மிச்சம். ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் மருந்தோடு திட்டும் சேர்த்துக் கொடுத்தார். தண்ணீரைக் குறைக்கக் கூடாது, முட்டட்டும் என்று காத்திருக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்துப் போக வேண்டும், போனபின் சற்று நின்று இன்னொரு தரம் முயல வேண்டும். இதெல்லாம் பெரியவளான பிறகு கேள்விப்பட்டவை. அப்போது எனக்குத் தெரிந்தது, அவர் காப்பியில் மட்டும் சர்க்கரை கிடையாது என்பதுதான்.

கடிகாரப் பொறுப்பைப் பெரியம்மா எடுத்துக்கொண்டாள். அவள் பார்த்தால் போதும், பெரியப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போவார். வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது. நாடகம்தான் இடித்தது. ஆசனத்தில் அமர்ந்த பிலாத்து கைகழுவும்வரை எழக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். வேறு ஆளைப் போடலாம் என்று பேச்சு எழுந்ததும் பெரியப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பெரியம்மா நேரே ஒத்திகைக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"சாட்டையடி முடிஞ்சதும் பிலாத்து உள்ள போயி பொண்டாட்டிய ஒரு வார்த்தை கேட்டுகினு வரட்டும்," என்றாள்.

"அப்பிடி வழக்கம் இல்லியேம்மா," என்றார் நாடக வாத்தியார்.

"பொண்டாட்டி சொல்லியனுப்புனது வேதத்துலயே கீதே. அவர் வர்ற வரிக்கும் நான் ஒப்பாரி பாடறேன்."

வேதத்தோடு யார் மல்லுக்கு நிற்பது? வாத்தியார் தலையாட்டிவிட்டார்.

பெரிய வெள்ளியன்று, சாட்டையடி முடிந்ததும் பெரியப்பா ராஜநடை போட்டு ஓலைத் தட்டிக்குப் பின்னால் மறைந்தார். பெரியம்மா பாடத் தொடங்கினாள். இருந்த சரணங்கள் தீர்ந்தன. முதலிலிருந்து மறுபடி எடுத்தாள். முள்முடியோடு கட்டப்பட்டிருந்த சித்தப்பா பங்குனி வெயிலில் கால் மாற்றி மாற்றி நின்றார்.

"அண்ணி, காலு சுடுது," என்று முனகினார்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. தட்டி அசைந்ததும் பாதிச் சரணத்தில் பாட்டை நிறுத்தினாள். பெரியப்பா வந்து அமர்ந்தார். கைகழுவிவிட்டு அவர் சொன்ன தீர்ப்பு கடைசி வரிசைவரை கேட்டது. அதன்பிறகு வேறு ஆள் என்ற பேச்சே எழவில்லை.

பாடி முடிக்கும்வரை பெரியம்மாவின் கண் அந்த ஓலைத் தட்டியை விட்டு நகரவில்லை. இயேசு படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்று நினைத்து, முன்வரிசையில் உட்கார்ந்து நான் தேம்பித் தேம்பி அழுதேன்.