நீலப் புள்ளிகள்

துறைமுகத்துப் பின்தெருவில் எல்லாருக்கும் அவள் குண்டக்கா. ஆள் என்னவோ ஊதினால் பறந்துவிடுவாள். மீன்வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதால் வந்த பெயர் அது. சமையலறை அடுப்பிலேயே பழைய ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, ஆறியதும் தட்டியெடுத்து வலையின் அடிக்கயிற்றில் கோத்துக் கட்டுவாள்.

அந்த வருடம் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. வயிற்றைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தது. முகம் வெளிறிவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் விழுங்கியும் தேறவில்லை.

"மாத்திரைய முழுங்குறீங்களா அண்ணி, இல்ல அதையும் வலையில கோத்துடுறீங்களா?" என்று கேலி செய்த நாத்தனார்தான் கடைசியில் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ரத்த நோய் பார்க்கும் டாக்டரம்மா, "உங்க சிவப்பணு எல்லாம் ரொம்பச் சின்னதா இருக்கும்மா. இரும்பு கொறஞ்சா அப்படி ஆகும். ஆனா உங்க உடம்புல இரும்பு தாராளமா இருக்கே!" என்றார்.

"அப்ப ஏன் டாக்டர் இப்படி?"

"தேடிப் பாக்கணும். சில குடும்பத்துல பிறவியிலேயே அப்படி இருக்கும். உள்ளுக்குள்ள நாள்பட்ட நோய் இருந்தாலும் வரும்."

சோதித்ததில் இரண்டும் இல்லை. டாக்டரம்மா ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும், "என்ன வேலைம்மா செய்யறீங்க?" என்று கேட்டார்.

குண்டக்கா சொன்னாள். டாக்டரம்மா எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு விட்டார். "நீங்களே பாருங்க."

ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். வெளிர்ச்சிவப்பு வட்டங்கள், எண்ணி மாளாதவை. சிலவற்றுக்குள் மட்டும் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள்.

"இது... என்னுதா?"

"உங்களுதேதான். அந்தப் புள்ளிதான் ஈயத்தைக் காட்டிக்கொடுக்குது. புகையிலயும் தூசியிலயும் உள்ள போயிருக்கு. இரும்பு இருந்தும், அதை ரத்தத்துல சேர விடாம வழிய மறிக்குது."

கண்ணை எடுக்க மனமில்லை அவளுக்கு. இத்தனை காலம் தன்னைச் சுமந்தவை இவைதானா? அரைகுறையாக உருவாகியும் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன.

"என் அடுப்படிய எட்டிப் பாத்துட்டு வந்த மாதிரி சொல்லுதே இந்த ஒரு சொட்டு!" என்றாள். நாத்தனாரும் எட்டிப் பார்த்தாள். அவளுக்குக்கூடக் கேலி வரவில்லை.

திடீரென்று குண்டக்கா டாக்டரம்மாவின் கையைப் பிடித்தாள். "டாக்டர், வீட்டுல எம் பொண்ணு இருக்கா."

மகளுக்கும் சோதித்தார்கள். தாயின் ரத்தத்தில் ஈயம் மிக அதிகம். மகளுக்குக் கொஞ்சம்தான், நல்லவேளை. ஈயத்தை வெளியேற்றும் மருந்து தாய்க்குத் தொடங்கியது. அடுப்படியை ஈரத்துணியால் மூலைமுடுக்கெல்லாம் துடைத்தார்கள். அதன்பிறகு வார்ப்புத் தொழிற்சாலையில் செய்து விற்கும் குண்டுகளை வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு கோத்தாள்; உருக்குவதை அடியோடு விட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் நிறம் வந்தது.

தெருவில் குண்டு வார்க்கும் மற்றப் பெண்களையும் அவள் சும்மா விடவில்லை. நச்சரித்து, ஒவ்வொருத்தியாகச் சோதனைக்குக் கூட்டிப்போனாள். ஊசிக்குப் பயந்தவளிடம் சொன்னாள்: "பயப்படாம வாடி. முடிஞ்சா அந்த டாக்டரம்மாகிட்ட கேட்டு உன் ரத்தத்த மைக்ராஸ்கோப்புல ஒருதரம் பாத்துடு. நமக்குள்ள எவ்வளவு பெரிய உலகம் ஓடுதுன்னு நமக்கே தெரியாது."